பெர்ட்டாவின் பேரில் ஒரு மான்

விட்புட் பண்ணை, ரெஹோபோத்
14 ஆகஸ்ட் 1994

அன்பு மகள் பெர்ட்டாவுக்கு, அப்பா எழுதுவது.

ஆண்டவர் தயவில் இங்கே நான், உன் அம்மா, ஆடுகள் நாற்பத்தொன்று, கிழக் கழுதை ஒன்று, எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனிக்குடித்தனம் போய்விட்டது. அங்கே லூடெரிட்ஸில் நீயும் மாப்பிள்ளை லூகாஸும் எப்படி இருக்கிறீர்கள்? பேத்தி சூசிக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்கிறதா?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நம் பண்ணையின் ஒரே போன் கம்பியில் ஏழு வீடு தொங்குகிறது. நான் தும்மினால் வில்லி மூட்டன் தன் வீட்டிலிருந்து, "மருந்து குடிடா யோசுவா" என்கிறான். ஜூலை தோறும் ஒன்றாக வேட்டைக்குப் போகும் நம் மூன்று குடும்பத்தின் விஷயம் மற்ற நாலு வீட்டுக்கும் போக வேண்டாம். அதனால்தான் என் ஆறாம் வகுப்புக் கையெழுத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

வேட்டை முடிந்த மறுநாள் நீ ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பதினாறு வயதில் உனக்கு ரைஃபிள் வாங்கிக் கொடுத்தேன். பதினைந்து வருடத்தில் ஒரு மிருகத்தைக்கூட நீ காயத்தோடு விட்டதில்லை. இருநூறு தப்படியில் கெம்ஸ்பொக் மான் பெட்டை ஒன்று பக்கவாட்டில் நிற்கிறது. நீ படுத்திருக்கிறாய், கல்லின் மேல் ரைஃபிள், காற்று துளியும் இல்லை. அந்தக் குண்டு நெஞ்சுக்குப் போகாமல் ஒரு சாண் கீழே போய் முன்னங்காலை ஒடித்தது எப்படி என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை.

நீ போன பிறகு நான்கு நாள் தேடினோம். இரண்டாம் நாளே ரத்தம் நின்றுவிட்டது. தடம் நிற்கவில்லை. மூன்று குளம்பு, நாலாவது கால் மணலில் இழுத்த கோடு. நான் முப்பது வருடமாகத் தடம் பார்க்கிறவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, பெர்ட்டா. பதினேழு கிலோமீட்டரில் ஒரு இடத்தில்கூட அது படுக்கவில்லை. முழுக் காலோடு நாங்களே தவழ்ந்து ஏறும் கருங்கல் மேட்டில் அது மூன்று காலில் ஏறியிருக்கிறது. மேலே போய் நின்றபோது வில்லி ஏறி வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

மூன்று குடும்பத்துக்கும் மூத்தவர் ஆன்ட்ரீஸ் பெரியப்பா எழுதச் சொன்னது: காயப்படுத்தியவரே முடிக்க வேண்டும் என்ற நம் முறைப்படி அந்தப் பெட்டை உன் பேரில் இருக்கிறது. வேறு யாரும் அதைச் சுடக்கூடாது. உன் ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றித் தன் பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டார். நீ வந்து கேட்கும் அன்று, அந்த ஒரு வேலையை முடிக்கத் திருப்பித் தருவார். அதுவரை, போல்ட் இல்லாத உன் ரைஃபிள் வெறும் இரும்புக் குழாய். நான் வாரம் ஒரு முறை துடைத்து வைக்கிறேன்.

சூசிக்கு முத்தம்.
உன் அப்பா, யோசுவா டென்ட்லிங்கர்

அம்மா எழுதுவது: சாப்பிடு. மெலிந்து போயிருந்தாய்.


லூடெரிட்ஸ்
18 செப்டம்பர் 1994

அன்புள்ள அப்பா, அம்மா,

நாங்கள் மூன்று பேரும் சுகம். சூசிக்கு நாலு பல் வந்துவிட்டது, அதில் இரண்டு என் தோளில் பதிந்திருக்கிறது. அப்பாவின் முழங்காலுக்கு லூகாஸ் ஒரு தைலம் வாங்கியிருக்கிறார். கப்பல்காரர்கள் தேய்ப்பது. நாற்றத்துக்கே வலி ஓடிவிடும் என்கிறார். உப்பு போட்டுக் காயவைத்த மீனும் அனுப்புகிறேன். அம்மா அதை ஊறவைக்காமல் பொரிக்க வேண்டாம்.

இங்கே மூன்று நாளாக மூடுபனி. ஐஸ் கிடங்கில் என் வேலை நன்றாகப் போகிறது. தெருக்கோடி தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம்.

அப்பா, அது தண்ணீருக்கு வருகிறதா?

உங்கள் பெர்ட்டா


விட்புட்
9 அக்டோபர் 1994

என் மகளுக்கு,

தைலம் வந்தது. தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன், உன் அம்மா கழுதையோடு படுக்கச் சொன்னாள். கழுதையும் எழுந்து தள்ளிப் போனது. ஆனால் வலி குறைந்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் இருங்கள்.

நீ கேட்டாய். வருகிறது.

போன செவ்வாய் காலை, காற்றாலைத் தொட்டி. வெயில் இன்னும் சூடேறவில்லை. நான் வாளியோடு நின்றேன். புதரிலிருந்து முதலில் இரண்டு கொம்பு வந்தது, வேலிக் கம்பி மாதிரி நேராக. பிறகு அந்தக் கறுப்பு வெள்ளை முகம். பிறகுதான் கால். முட்டிக்குக் கீழே வீங்கி, தோல் மூடி, உள்ளே எலும்பு தானாகவே ஒட்டிக்கொண்டு கட்டை மாதிரி விறைத்திருக்கிறது. எந்த டாக்டர் கட்டுப் போட்டார்? இந்த வறட்சியில், புல் இல்லாத இந்தக் காட்டில், அது நின்று நின்றே தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. என் முழங்கால் ஒரு படிக்கட்டில் சுளுக்கி நாலு வருடமாகப் புலம்புகிறது.

ஆறு நிமிடம் குடித்தது. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். குடித்து முடித்து என்னைப் பார்த்தது. வாளியைக் கீழே வைத்துத் தொப்பியைக் கழற்றினேன். ஏன் என்று கேட்காதே.

பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "பொண்ண வரச் சொல்லு யோசுவா. தொட்டிகிட்ட ஒரே குண்டு, முடிஞ்சுது. காயப்பட்ட மிருகத்த அப்படியே விட்டு வச்சா நமக்கு ராத்திரி சோறு எறங்குமா?" என்றார். அவர் சொல்வதில் தப்பு இல்லை. நாம் அப்படித்தான் வளர்ந்தோம்.

ஒரு சனி ஞாயிறு வந்து போயேன். எங்களுக்கும் உன்னைப் பார்க்க வேண்டும்.

அப்பா


லூடெரிட்ஸ்
27 நவம்பர் 1994

அன்புள்ள அப்பா, அம்மா,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே சிங்கி இறால் பருவம் தொடங்கிவிட்டது. கிடங்கில் நிற்க நேரம் இல்லை. லூகாஸ் படகில் போனால் பத்து நாள் வீட்டில் இல்லை. சூசிக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது சரி.

கிறிஸ்மஸுக்கு வர முடியாது, அப்பா. ஈஸ்டருக்கும் சந்தேகம்தான். ஜூலை வேட்டைக்கு இப்போதே என்ன சொல்வது.

அம்மா அனுப்பிய உப்புக்கண்டத்தைச் சூசி சப்பிக்கொண்டே தூங்குகிறாள். அந்தத் துணிப்பையை இன்னும் துவைக்கவில்லை. நம் வீட்டு வாசனை இருக்கிறது.

நம் தொட்டிக்கு வருகிறவள் நடப்பது எப்படி இருக்கிறது? தனியாகவா, கூட்டத்தோடா?

பெர்ட்டா


விட்புட்
28 டிசம்பர் 1994

அன்பு மகளே,

உங்கள் மூவருக்கும் பண்டிகை நன்றாகப் போயிருக்கும் என்று நம்புகிறோம். நீ இல்லாத நாற்காலியில் வில்லி உட்கார்ந்து உன் பங்கையும் சாப்பிட்டான். சூசியின் காய்ச்சல் திரும்பவில்லையே?

மழை வந்தது. பதினெட்டு மில்லிமீட்டர். மறுநாளே செம்மண்ணில் பச்சை ரோமம் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும் முட்டாள் மாதிரி வெளியே போய் நிற்கிறேன்.

உன் பெட்டை கூட்டத்தோடுதான் இருக்கிறாள். பதினோரு உருப்படி. எல்லோரும் ஓடும்போது இவள் கடைசி. ஆனால் மற்றவர்கள் சற்றுப் போய் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள், இவள் வந்து சேர்ந்ததும்தான் மறுபடி நகர்கிறார்கள். வயிறு பெருத்திருக்கிறது. சினை என்று நினைக்கிறேன். நீ சுட்ட அன்றே வயிற்றில் இருந்திருக்கும்.

கிறிஸ்மஸ் அன்று உன் அம்மா வழக்கம்போல் செம்மறியின் வால் கொழுப்பை உருக்கி உருளைக்கிழங்கு வறுத்தாள். வாசனை மேட்டு வேலி வரைக்கும் போனது. எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை. வயதாகிறது.

வேறு விசேஷம் எதுவும் இல்லை.

அப்பா

அம்மா எழுதுவது: வேறு விசேஷம் எதுவும் இல்லையாம். உன் அப்பா இரண்டு நாளாகத் தன் ரைஃபிளை என் ஐஸ் பெட்டியில் இறைச்சி நடுவே வைத்து வைத்து எடுக்கிறார். "ஏ மனுஷா, இதென்ன ஆட்டுத் தொடையா?" என்று கேட்டேன். பெட்டி மூடாமல் குழல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஐஸ் எல்லாம் தண்ணீர். எடுத்துக்கொண்டு ஓடிப்போய்த் தகரத்தைப் பார்த்துச் சுடுகிறார். பிறகு தகரத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடுகிறார். என்ன என்று உனக்குத் தெரிந்தால் எழுது.


லூடெரிட்ஸ்
15 ஜனவரி 1995

அன்புள்ள அம்மா, அப்பா,

புது வருட வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். சூசி நிற்கிறாள், விழுகிறாள், கை தட்டுகிறாள்.

அம்மா, அப்பா ஐஸ் பெட்டியில் என்ன செய்தாலும் கேட்காதீர்கள். அப்பா, அந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அம்மாவின் இறைச்சி கெட்டுப்போகும். தகரத்தில் எந்த ஓட்டை எங்கே விழுந்தால் என்ன. நடந்தது நடந்துவிட்டது. என் கை தவறிவிட்டது, அவ்வளவுதான். இதைப் பெரியப்பாவிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை.

குட்டி போட்டால் உடனே எழுதுங்கள்.

பெர்ட்டா


விட்புட்
5 மார்ச் 1995

என் கண்ணான மகளுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம், ஆனால் நேற்று நான் பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் நலமாக இருக்க மாட்டேன். ஆன மட்டும் முயல்கிறேன், என் பள்ளிக்கூடத்தில் இதற்கெல்லாம் வார்த்தை சொல்லித் தரவில்லை.

நேற்றுக் காலை ஏழு மணி. காற்றாலை ஒரு வாரமாகக் கத்துகிறது என்று கிரீஸ் டப்பாவோடு மேலே ஏறினேன். உச்சியில் உட்கார்ந்து பார்த்தால் கூட்டம் தண்ணீருக்கு வருகிறது. கடைசியில் அவள். அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மண் நிறத்தில் ஒரு குட்டி. பிறந்து ஒரு மாதம் இருக்கலாம்.

திடீரென்று கூட்டம் சிதறியது. மேட்டுப் பக்கத்திலிருந்து மூன்று சிவிங்கிப்புலிகள். அண்ணன் தம்பிகள், ஒன்றாக வேட்டையாடுகிறவை. மான்கள் எல்லாம் ஓடின. அவளும் ஓடப் பார்த்தாள். ஆறு எட்டு வைத்தாள், நின்றுவிட்டாள். தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். பெர்ட்டா, அந்த நிமிடத்தில் நான் மேலே இருந்து, "போச்சு" என்று கத்தினேன். கிரீஸ் டப்பா கீழே விழுந்தது. அதையும் யாரும் லட்சியம் செய்யவில்லை.

அவள் பின்னாலேயே நடந்து முள்புதருக்குள் தன் பின்புறத்தைச் செருகிக்கொண்டாள். குட்டி வயிற்றுக்கு அடியில். தலையைத் தாழ்த்தினாள். கொம்பு இரண்டும் தரையோடு தரையாக வெளியே நீட்டியது. மூன்று புலிகளும் மூன்று பக்கம் பிரிந்தன. ஒன்று இடப்பக்கம் பாய்கிற மாதிரி காட்டுகிறது, மற்றது வலப்பக்கம் குட்டியை எட்டப் பார்க்கிறது.

இப்போது கேள். அந்தக் கட்டைக் கால், நீ ஒடித்த கால், விறைத்துப் போன கால். அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவள் சுழன்றாள். கவராயத்தின் முள்ளை ஊன்றி வட்டம் போடுவோமே, அப்படி. மற்ற மூன்று காலும் சுற்ற, கொம்பு வீச்சுக் குறையாமல் இடமும் வலமும் போய் வந்தது. நல்ல கால் நாலு உள்ள மான் இடம் மாறியிருக்கும், குட்டி வெளியே தெரிந்திருக்கும். இவள் ஒரு அங்குலம் நகரவில்லை. இருபது நிமிடம். மணலில் அரை வட்டம் அறுத்துவிட்டாள். கடைசியில் ஒரு புலி கொஞ்சம் அதிகமாக நம்பி உள்ளே வந்தது. கொம்பு நுனி அதன் விலாவில் ஏறியது, தூக்கி எறிந்தாள். அது எழுந்து நொண்டிக்கொண்டு போனது. மற்ற இரண்டும் அதன் பின்னால் போயின, இந்தப் பக்கம் எதுவுமே நடக்காத மாதிரி.

அவள் வந்து தண்ணீர் குடித்தாள். நான் இரண்டு மணி நேரம் கீழே இறங்கவில்லை. அவளுக்கு முன்னால் இறங்க எனக்கு என்ன தகுதி?

மேலே உட்கார்ந்து முடிவு செய்தேன். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

வேட்டைக்கு முந்தின சாயங்காலம் நீ தணலில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாய். உன் ரைஃபிளை எடுத்துத் துடைத்தேன். எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. உனக்குத் தெரியும், உன் அப்பா புத்திசாலி. உன் அம்மா வைத்திருந்த செம்மறி வால் கொழுப்பைச் சூடாக்கிக் குழலுக்குள் தாராளமாகப் பூசினேன். பளபளவென்று இருந்தது. காலையில் துணி விட்டு எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். மறந்தேன். உன்னிடமும் சொல்லவில்லை. ஜூலைக் குளிரில் அது மெழுகாக உறைந்திருக்கிறது. முதல் குண்டு அதில் வழுக்கிப் போயிருக்கிறது. என் ரைஃபிளுக்கும் அதே மாதிரி கொழுப்புப் பூசி, ஐஸ் பெட்டியில் உறையவைத்து நாலு தடவை சுட்டேன். நாலு தடவையும் ஒரு சாண் கீழே. கொழுப்பு இல்லாமல் நாலு. நாலும் நடுவில்.

உன் கை தவறவில்லை. ஈஸ்டருக்கு மூன்று குடும்பமும் கூடும்போது பெரியப்பாவிடம் சொல்லிவிடப்போகிறேன். உன் பேர் சுத்தமாகும். உன் போல்ட் திரும்பி வரும். பிறகு நீ தலை நிமிர்ந்து வீட்டுக்கு வரலாம்.

உன் முட்டாள் அப்பா


லூடெரிட்ஸ்
10 ஏப்ரல் 1995

அப்பா,

நலம் விசாரிக்க நேரம் இல்லை. உங்கள் கடிதம் இங்கே பழைய வீட்டு முகவரிக்குப் போய்ச் சுற்றி இன்றுதான் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். இது அதற்குள் வந்து சேர வேண்டும்.

சொல்லாதீர்கள்.

எனக்கு முதல் நொடியிலேயே தெரியும். விசையை அழுத்தியதும் குழலிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது, கிறிஸ்மஸ் வாசனை அடித்தது. பக்கத்தில் படுத்திருந்த நீங்கள், "வில்லி அதுக்குள்ள சட்டிய ஏத்திட்டான் போலிருக்கு" என்றீர்கள். அவள் ஒடிந்த காலோடு நின்று நாம் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதில்தான் இரண்டாவது குண்டைப் போட முடியவில்லை.

அப்போது உங்களுக்காகத்தான் பேசாமல் இருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் உங்கள் போல்ட் டப்பாவுக்குள் போவதை நான் பார்க்க வேண்டாம் என்று. பிறகு அக்டோபரில் எழுதினீர்கள், ஆறு நிமிடம் குடித்தாள் என்று, தொப்பியைக் கழற்றினேன் என்று. அன்றிலிருந்து அவளுக்காக.

கணக்கு உங்களுக்குப் புரியவில்லையா அப்பா? அவள் என் பேரில் இருக்கிறவரை வேறு யாரும் தொட முடியாது. நான் வந்தால் பெரியப்பா டப்பாவைத் திறந்து நீட்டுவார். வராவிட்டால் டப்பா மூடியே இருக்கும். நான் வராமல் இருப்பதுதான் அவள் உயிர். ஆறு மாதமாக வேறு காரணம் எதுவும் இல்லை. சிங்கி இறால் பருவமாவது ஒன்றாவது. மூடுபனியைப் பார்த்துக்கொண்டு தினமும் நம் தொட்டியை நினைக்கிறேன். சூசி இதுவரை சிவப்பு மண்ணை மிதிக்கவில்லை.

நீங்கள் சொன்னால் அவள் உங்கள் பேருக்கு மாறுவாள். நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். மறுநாளே உங்கள் கையில் ரைஃபிளைக் கொடுப்பார்கள். உங்களால் பெரியப்பாவிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா?

பெர்ட்டா


விட்புட்
23 ஏப்ரல் 1995

அன்பு மகளே,

உங்கள் மூவரின் சுகத்தையும் கேட்டுக்கொண்டு, கூடவே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் ஈஸ்டர் முடிந்து மூன்றாம் நாள் தபால் பெட்டியில் கிடந்தது. நான் சொல்லிவிட்டேன்.

வில்லி சிரித்த சிரிப்பில் நாற்காலி உடைந்தது. "டேய் யோசுவா, அடுத்த வருஷம் வெங்காயமும் சேர்த்துப் போடு, மான் வெந்தே விழும்" என்றான். அவன் பெண்டாட்டி தட்டில் கிழங்கை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, துப்பாக்கிக்கு ஊட்டிட்டு மிச்சத்த நீங்க சாப்பிடுங்க" என்றாள். சாகும்வரை இது போகாது. என் கல்லறையில் பேருக்குப் பதிலாக ஆட்டு வாலைச் செதுக்குவார்கள்.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்தார். உன் போல்ட்டை எடுத்துத் துணியில் துடைத்து உன் அம்மா கையில் கொடுத்தார். "பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. நான் தப்பா நெனச்சுட்டேன்னு எழுதுங்க" என்றார். என் பக்கம் கையை நீட்டினார். என் போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். முப்பத்துநாலு வருடம் என் கையில் இருந்த இரும்பு. டப்பாவில் விழுந்த சத்தம் சின்னதுதான்.

"இனி அது உன்னுது. எப்ப கேக்கறியோ அப்ப தர்றேன். சீக்கிரம் கேளு. அந்த உயிர இழுக்க விடாத" என்றார்.

இன்னும் கேட்கவில்லை. இன்று கோயிலில் என்னையே பார்த்தார். நான் முழங்காலைத் தடவினேன்.

அப்பா


லூடெரிட்ஸ்
21 மே 1995

அன்புள்ள அப்பா,

எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் நிஜமாகவே வலிக்கிறதா?

கோபம் இல்லை. ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் நாற்காலி உடைந்ததை லூகாஸிடம் படித்துக் காட்டும்போது போய்விட்டது. அவருக்கு ஜூலையில் பதினைந்து நாள் லீவு கிடைக்கிறது.

ஆனால் வந்து அந்தத் தொட்டி ஓரம் காலியாக இருப்பதை நான் பார்க்க முடியாது. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் எழுதுங்கள். பெரியப்பா விடுவாரா? நீங்கள் கேட்பீர்களா, மாட்டீர்களா?

பெர்ட்டா


விட்புட்
11 ஜூன் 1995

என் மகள் பெர்ட்டாவுக்கு,

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். முழங்கால் நிஜமாகவும் வலிக்கிறது, தேவைப்படும்போது கூடுதலாகவும் வலிக்கிறது.

போன புதன் காலை பெரியப்பா தன் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். கையில் டப்பா. "எட்டு வாரம் ஆச்சு யோசுவா. நொண்டி மிருகத்த விட்டு வைக்கறதுக்குப் பேரு எரக்கம் இல்ல, சோம்பேறித்தனம். வா, இன்னிக்கே முடிப்போம்."

உன் அப்பா யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை, நீ எழுதியது சரி. அன்றும் சொல்லவில்லை. "அண்ணே, மொதல்ல ஒரு தடவ பாருங்க. அப்புறம் நீங்க சொல்றது" என்றேன். அவர் பார்த்துவிட்டு, "சுடு" என்றால் நான் சுட்டாக வேண்டும்.

காற்றாலைக்கு எதிரே கல்லுக்குப் பின்னால் படுத்தோம். அவருக்கு எழுபத்திரண்டு. படுக்க வைக்கவே பத்து நிமிடம். ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. கடைசியில் அவள், பக்கத்தில் குட்டி. குட்டிக்குக் கொம்பு ஒரு சாண் வந்துவிட்டது.

பெரியப்பா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார், எடுக்கவே இல்லை. தொட்டியில் தண்ணீர் தாழ்ந்திருந்தது. மற்றவை மண்டி போட்டுக் குடித்தன. அவளால் மண்டி போட முடியாது. கட்டைக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, உடம்பையே சாய்த்து, மெல்ல மெல்ல இறங்கி வாயைத் தண்ணீரில் வைத்தாள். அவசரம் இல்லை, நடுக்கம் இல்லை. குட்டி அவளைப் பார்த்தது. பிறகு அதுவும், நாலு நல்ல கால் இருந்தும், முன்னங்கால் ஒன்றைப் பக்கவாட்டில் நீட்டி, அதே மாதிரி சாய்ந்து குடித்தது.

பெரியப்பா மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார் என்று பயந்தேன். அவர் போன வருடம் தன் மனைவியைப் புதைத்த அன்றுகூட அவர் முகம் அசைந்து நான் பார்க்கவில்லை. அன்று அசைந்தது.

"என் அம்பத்தஞ்சு வருஷ வேட்டையில..." என்றார்.

அவள் போன பிறகும் வெகுநேரம் படுத்திருந்தோம். எழுப்பி விட்டேன். உடுப்பைத் தட்டிக்கொண்டார். டப்பாவைத் திறக்கவில்லை. ஆனால் முறை முறைதான். அதை அவர் விடமாட்டார். வண்டியில் ஏறி, ஜன்னல் வழியாகக் கறாராகக் கேட்டார்: "சரி. அது உன் பேர்லதான் இருக்கு. எப்ப முடிப்ப?"

"பாக்கலாம் அண்ணே" என்றேன்.

அவர் என்னைச் சின்ன வயதிலிருந்தே அறிவார். "அப்ப போல்ட் இல்லாம ஜூலை வேட்டையில நீ சுட முடியாது. சட்டி கழுவணும்" என்றார்.

"கழுவறேன்."

"கடசி வரைக்கும் கழுவணும்டா."

"பாக்கலாம்னு சொல்லிட்டேனே அண்ணே."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தூசியில் அவர் தோள் குலுங்கியது தெரிந்தது. சிரித்தாரா, மேடு பள்ளமா, தெரியாது.

இதுதான் என் பதில். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஜூலைக் காலையில் ரைஃபிள் தோளில் ஏறும் பாரம் எனக்குத் தெரியும், அது இனி எனக்குக் கிடையாது. அந்தப் பாரத்துக்குப் பதிலாகத் தினமும் ஒன்பது மணிக்குத் தொட்டி ஓரம் போய் நிற்கிறேன். கொடுத்தது கொஞ்சம், வாங்கிக்கொண்டது அதிகம்.

வா. உன் பேரில் எதுவும் இல்லை.

உன் அப்பா

அம்மா எழுதுவது: இவர், "பாக்கலாம்" என்று சொன்னபோது நான் வாசலில்தான் நின்றேன். என் சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்றபோதும் இதையேதான் சொன்னார், அதற்குப் பதினோரு வருடம் ஆகிறது. அந்த மான் கிழவியாகித்தான் சாகும். பயப்படாமல் பஸ் ஏறு. சூசிக்குக் கம்பளிக் காலுறை எடுத்துவா, காலையில் இங்கே தரை குளிரும்.